கடைக்கண்ணைச் சோதிப்பது எப்படி: 57 செ.மீ. நூலும் ஒரு பத்து ரூபாய் நாணயமும்

தெற்குச் சித்திரை வீதியில் நின்று மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால், அதிலுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுதைச் சிற்பங்களையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டதாகவே தோன்றும். இப்போது ஏதாவது ஒரு சிற்பத்தின் முகத்தில் பார்வையை ஊன்றி, கண்ணைச் சற்றும் அசைக்காமல், அதிலிருந்து ஐந்தாறு சிற்பம் தள்ளி நிற்கும் உருவத்துக்கு எத்தனை கை என்று எண்ணிப் பாருங்கள். அங்கே ஓர் உருவம் இருப்பது தெரியும், அதன் வண்ணமும் ஓரளவு தெரியும். கைகளை மட்டும் எண்ண முடியாது. கண் அந்தப் பக்கம் ஓடத் துடிக்கும்.

விழித்திரையின் மையக்குழிதான் கூர்மையாகப் பார்க்கும் இடம். கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் அந்த நகம் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் பங்கு. ஒன்று முதல் இரண்டு டிகிரி. மீதியெல்லாம் ஓரப்பார்வை, நம் வழக்கில் கடைக்கண். விநாடிக்கு மூன்று முறை கண் தாவித் தாவி ஒவ்வொரு இடமாக மையக்குழிக்குக் கொண்டுவருவதால் இந்தக் குறை நமக்குத் தெரிவதே இல்லை. தெரியாத இடத்தை மூளை 'தெரியவில்லை' என்று காலியாக விடுவதும் இல்லை, ஊகித்து நிரப்பிவிடுகிறது. அந்த ஊகம் தவறும் இடம்தான் காட்சிப்பிழை. கடைக்கண்ணின் எல்லையை அளக்க இதைவிட மலிவான கருவி கிடையாது.

கீழே உள்ள சோதனைகளை வீட்டுச் சுவரிலோ பள்ளி வகுப்பறையிலோ செய்யலாம். எல்லாவற்றுக்கும் ஒரே உரைகல்: பிழை தெரியும் இடத்தை நேராகப் பாருங்கள். நேராகப் பார்த்ததும் அது மறைந்தால், அது கடைக்கண்ணின் வேலை.

முதலில் அளவு

57 செ.மீ. நீளத்தில் ஒரு நூலை வெட்டிக்கொள்ளுங்கள். கண்ணிலிருந்து அந்தத் தூரத்தில் 1 செ.மீ. என்பது 1 டிகிரி. 57 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு 358 செ.மீ., அதாவது கிட்டத்தட்ட 360 என்பதுதான் காரணம். இந்த ஒரு நூல் இருந்தால் பாகைமானி வேண்டாம், சாதாரண ஸ்கேலிலேயே கோணத்தை அளந்துவிடலாம். தட்டையான சுவரில் 20 செ.மீ. வரைக்கும் இந்தக் கணக்கு நம்பகமானது. அதற்கு மேல் போகப் போகப் பிசகும்.

வெள்ளை சார்ட் பேப்பர் இரண்டு, கறுப்பு ஒன்று, தடித்த கறுப்பு மார்க்கர், பஞ்சிங் மெஷின், பத்து ரூபாய் நாணயம், நான்கு வண்ண ஸ்கெட்ச் பேனா, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், கொஞ்சம் பஞ்சு. இவ்வளவு போதும்.

மேசையைச் சுவரை ஒட்டிப் போட்டு, புத்தகங்களை அடுக்கி அதன்மேல் தாடையை வையுங்கள். கண் மட்டத்தில் வெள்ளை சார்ட்டை ஒட்டி, அதில் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். புள்ளியிலிருந்து கண்ணின் வெளி ஓரம் வரை நூலைப் பிடித்து, தூரம் சரியாகும்வரை புத்தக அடுக்கை நகர்த்துங்கள். ட்யூப்லைட் பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், ஆனால் தலையின் நிழல் சார்ட்டில் விழக்கூடாது. கண்ணாடி அணிபவர்கள் கழற்ற வேண்டாம். ஒரு கண்ணை மூடும்போது இமையை அழுத்தாமல் உள்ளங்கையைக் குழித்து மூடுங்கள். அழுத்தினால் திறந்த பிறகும் சற்று நேரம் பார்வை மங்கலாக இருக்கும்.

துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். அவர் சார்ட் ஓரத்தில் நின்று, பார்ப்பவரின் கருவிழியை மட்டும் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனைகள் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், கண் திருட்டுத்தனமாக ஓடிவிடுவது. புதிதாக ஒன்று தெரிந்தால் ஏறக்குறைய 0.2 விநாடியில் கண் அங்கே தாவிவிடும். பார்ப்பவருக்கே அது தெரியாது. "நான் அசைக்கவே இல்லை" என்று உண்மையாகவே சொல்வார். கருவிழி நகர்ந்ததைத் துணையாள் கண்டால் அந்த முறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காணாமல் போகும் நாணயம்

இடது கண்ணை மூடி, வலது கண்ணால் புள்ளியைப் பாருங்கள். புள்ளிக்கு வலப்பக்கம் 15 செ.மீ. தள்ளி, 1.5 செ.மீ. கீழே இறக்கி, பத்து ரூபாய் நாணயத்தைச் செலோ டேப்பால் ஒட்டுங்கள். நாணயம் இருக்காது. வெள்ளைச் சார்ட் மட்டும்தான் தெரியும். இடது கண்ணுக்கு எல்லாமே இடப்பக்கம்.

பார்வை நரம்பு விழியை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை. 1660களில் பிரெஞ்சு அறிஞர் மாரியட் இதைக் கண்டறியும்வரை, இவ்வளவு பெரிய ஓட்டை கண்ணில் இருப்பது யாருக்கும் தெரியாது. எவ்வளவு பெரியது என்பதை நீங்களே வரையலாம். ஒரு பென்சிலை வெள்ளைத் தாளால் சுற்றி முனையில் மட்டும் கறுப்பு தெரியவிட்டு, துணையாள் அதை மெல்ல நகர்த்தட்டும். முனை மறையும் இடத்திலும் மீண்டும் தோன்றும் இடத்திலும் குறி போட்டுக்கொண்டே எட்டுத் திசையிலும் போனால் ஒரு முட்டை வடிவம் கிடைக்கும். அகலம் 5 முதல் 6 செ.மீ., உயரம் 7 முதல் 8 செ.மீ. இருக்கும். நம் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ.தான், தாராளமாக உள்ளே அடங்கிவிடும். முழுநிலா வானில் அரை டிகிரி. அந்த ஓட்டையில் பதினொரு நிலாவை வரிசையாக அடுக்கலாம். சித்ரா பௌர்ணமி அன்று வைகைக் கரையில் நின்றே சோதிக்கலாம்: வலது கண் மட்டும் திறந்து, கை நீட்டிய முஷ்டி ஒன்றரை அளவு (முஷ்டி சுமார் 10 டிகிரி) நிலாவுக்கு இடப்பக்கம் உள்ள ஏதாவதொரு வெளிச்சத்தைப் பாருங்கள். பார்வையைச் சிறிது முன்பின் நகர்த்திச் சரியான இடத்தைப் பிடித்தால் நிலா மறைந்துவிடும்.

நாணயம் மறையவில்லை என்றால் முதலில் தூரத்தைச் சரிபாருங்கள். தலை முன்னே சாய்ந்து 50 செ.மீ. ஆகியிருந்தால் நாணயத்தை 13.2 செ.மீ.க்கு நகர்த்த வேண்டும். தூரம் சரியென்றால் பெரும்பாலும் தவறான கண்ணை மூடியிருப்பீர்கள்.

அடுத்துதான் முக்கியமான படி. நாணயத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தின் வழியாக ஒரு தடித்த கோட்டை மேலிருந்து கீழாக வரைந்து, நடுவில் 2 செ.மீ. மட்டும் இடைவெளி விடுங்கள். கோடு முழுதாகத் தெரியும். இல்லாத கோட்டை மூளை இழுத்து இணைத்துவிட்டது.

இதனால்தான் கண் நீர் அழுத்த நோய் பலருக்கு நெடுநாள் தெரியாமல் போகிறது. ஓரப்பார்வை கரைந்துகொண்டே வந்தாலும் அங்கே கறுப்பாகத் தெரிவதில்லை. இதே போல நிரப்பப்பட்டுவிடுகிறது. இந்தச் சார்ட் மருத்துவப் பரிசோதனை ஆகாது. ஆனாலும் முட்டை வடிவத்துக்கு வெளியே வேறு எங்காவது பென்சில் முனை மறைந்தாலோ, நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் போய்ப் பார்வைப் பரப்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு இதைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை.

எழுத்து நெரிசல்

ஓரப்பார்வை என்றால் மங்கலான பார்வை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தமிழ் எழுத்தை வைத்தே மிக அழகாகக் காட்டலாம். எல்லாச் சோதனையிலும் இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

க, ச, ட, த, ப, ம, ய, ர, ல, வ, ள, ன ஆகிய பன்னிரண்டு எழுத்துகளையும் 2 செ.மீ. உயரத்தில் மார்க்கரால் எழுதுங்கள். மூன்று வகை அட்டைகள் வேண்டும். முதல் வகையில் ஒற்றை எழுத்து. இரண்டாவதில் மூன்று எழுத்துகள், ஓர் எழுத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 3 செ.மீ. மூன்றாவதிலும் மூன்று எழுத்துகள், ஆனால் இடைவெளி 6 செ.மீ. ஒவ்வொரு வகையிலும் இருபது அட்டை, எழுத்துகள் கலைந்து வரட்டும். கேட்க வேண்டியது எப்போதும் நடு எழுத்தைத்தான். அது புள்ளியிலிருந்து வலப்பக்கம் 10 செ.மீ.யில் இருக்க வேண்டும். துணையாள் ஒரு தாளால் மூடி வைத்து, சட்டென்று திறந்து மூட வேண்டும்.

ஒற்றை எழுத்தைப் பெரும்பாலும் சரியாகச் சொல்வார்கள். 3 செ.மீ. அட்டையில் அதே எழுத்து, அதே அளவு, அதே இடம். இருந்தும் தடுமாறுவார்கள். 'ப ம ய' என்று காட்டினால் நடுவில் ஏதோ எழுத்து இருக்கிறது என்பது தெரியும். அது ப-வா, ய-வா, மூன்றும் கலந்த ஒன்றா என்பது பிடிபடாது. 6 செ.மீ. அட்டையில் மறுபடி தெளிந்துவிடும். மங்கல்தான் காரணம் என்றால் ஒற்றை எழுத்தும் தெரிந்திருக்கக்கூடாது. ஒவ்வொரு வகைக்கும் இருபதுக்கு எத்தனை சரி என்று எழுதிவையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே இருபதில் ஒன்றிரண்டு சரியாக வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு விதி உண்டு. நெதர்லாந்தின் ஹெர்மன் பௌமா 1970இல் சொன்னது: பார்வை ஊன்றிய இடத்திலிருந்து எழுத்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதில் சுமார் பாதித் தூரத்துக்குள் வேறு எழுத்து வரக்கூடாது. 10 செ.மீ. தள்ளியிருந்தால் 5 செ.மீ. வேண்டும். விதியைச் சோதிப்பதும் எளிது. 6 செ.மீ. அட்டையைப் புள்ளியிலிருந்து 14 செ.மீ.க்கு நகர்த்துங்கள். இப்போது 7 செ.மீ. தேவை, நம்மிடம் இருப்பது 6. சரியான விடைகள் குறையத் தொடங்கும். (ஒரு கண்ணால் பார்த்தால் 12, 13 செ.மீ.யைத் தாண்டியதுமே, நாணயத்தை விழுங்கிய அந்தக் குருட்டுப் புள்ளிக்குள் எழுத்து விழுந்துவிடும். அதைத் தவிர்க்க இந்தச் சோதனையை இரண்டு கண்ணும் திறந்தே செய்யுங்கள். ஒரு கண்ணின் ஓட்டையை மற்றக் கண் பார்த்துக்கொள்ளும்.)

எழுத்தைப் பெரிதாக்கினால் சரியாகிவிடுமே என்று சந்தேகம் வரும். இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் 2.5 செ.மீ. ஆக்கிப் பாருங்கள். பெரிதாக உதவாது. தேவை இடைவெளிதான். கடைக்கண் பக்கம் மூளை ஒவ்வொரு வடிவத்தையும் தனியாக எடுப்பதில்லை; ஒரு வட்டாரத்துக்குள் வரும் கோடு, வளைவு எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுப்பது போல் எடுக்கிறது. மையத்திலிருந்து விலக விலக அந்த வட்டாரம் பெரிதாகிறது. கோபுரத்துச் சிற்பத்தின் கைகளை எண்ண முடியாமல் போனதற்கும் இதுவே காரணம்.

அண்டை எழுத்துகளை இடவலமாக வைக்காமல் நடு எழுத்துக்கு மேலும் கீழும் அதே 3 செ.மீ.யில் வைத்தால் தொல்லை குறையும். இடவலத்திலும், புள்ளியிலிருந்து அதிகம் தள்ளி இருக்கும் வெளி எழுத்துதான் உள் எழுத்தைவிட அதிகம் கெடுக்கும். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கடைசியாக, பேருந்துப் பலகையில் நாம் தினமும் பார்க்கும் 'மாட்டுத்தாவணி' என்ற சொல்லை 2 செ.மீ. எழுத்தில் எழுதி, அதன் தொடக்கத்துக்கு 5 செ.மீ. இடப்பக்கம் பார்வையை ஊன்றுங்கள். 'மா' பிடிபடும். நடுவில் 'ட்டுத்தா' கட்டியாகிவிடும். கடைசி 'ணி' தொலைவில் இருந்தாலும் அதற்கு ஒரு பக்கம்தான் அண்டை எழுத்து என்பதால் சிலருக்கு அது நடு எழுத்துகளைவிட நன்றாகத் தெரியும். சொல் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் முழுவதும் படித்தது போலத் தோன்றும். ஆகவே சொல் தெரியாத ஆளிடம் காட்டுவதுதான் நியாயமான சோதனை. 'கொ', 'ணை' போன்ற எழுத்துகளையும் தனியாகக் காட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் வேறு யாரும் இல்லாமலே தமக்குள் நெரித்துக்கொள்வது தெரியும்.

கட்டங்களின் சந்தியில் நிழல்

கறுப்புச் சார்ட்டில் 5 செ.மீ. சதுரங்கள் 36 வெட்டி, வெள்ளைச் சார்ட்டில் ஆறுக்கு ஆறாக, 1 செ.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்கள். வெள்ளைப் பாதைகள் சந்திக்கும் இடங்களில் சாம்பல் நிழல் படியும். நீங்கள் நேராகப் பார்க்கும் சந்தியில் மட்டும் இருக்காது. லுடிமார் ஹெர்மான் 1870இல் விவரித்த கட்டம் இது.

சந்தியில் நான்கு பக்கமும் வெளிச்சம் இருப்பதால் விழித்திரை செல்களின் அடக்குதல் அங்கே கூடுகிறது, அதனால் கறுக்கிறது என்பதே நெடுநாளைய விளக்கம். அதோடு கதை முடியவில்லை. பாதைகளைச் சற்றே நெளிவாக அமைத்தால் நிழல் காணாமல் போகிறது என்று 2008இல் காட்டினார்கள். வெளிச்சத்தின் அளவு மாறாதபோதும் நிழல் போய்விட்டால், நேர்கோட்டை உணரும் மூளைப் பகுதிக்கும் இதில் பங்கு இருக்க வேண்டும். செய்பவர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கோலம் போடுவது போல் கையால் இழுத்த கோட்டில் இந்தச் சோதனை பலிக்காது. சதுரங்களை ஸ்கேல் வைத்து வெட்டுங்கள். கொத்தனார் நூல் அடிப்பது போல் முதலில் பென்சில் கோடு போட்டுக்கொண்டு ஒட்டுங்கள்.

இன்னும் வலுவானது வேண்டுமா? கறுப்புச் சார்ட்டில் 4 மி.மீ. அகலச் சாம்பல் பட்டைகளை 2.5 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஒரு தாள் முழுக்கச் சாம்பல் நிறம் அச்சடித்துத் தருவார்கள், அதை வெட்டிக்கொள்ளலாம். சந்திகளில் பஞ்சிங் மெஷினிலிருந்து விழும் வெள்ளை வட்டங்களை ஒட்டுங்கள். அவை ஏறக்குறைய 6 மி.மீ.; பட்டையைவிட ஒன்றரை மடங்கு, இதற்கு ஏற்ற அளவு. கண்ணை ஓடவிட்டால் வெள்ளை வட்டங்களுக்குள் கறுப்புப் புள்ளிகள் மினுக்கி மினுக்கி மறையும். தேடிப் போனால் அங்கே இருக்காது. வட்டம் பட்டையைவிடச் சிறிதாகிவிட்டால் மினுக்கல் செத்துவிடும். இது எல்கே லிங்கல்பாக் 1994இல் கண்டது.

கரையும் மஞ்சள்

வெள்ளைத் தாளில் புள்ளியிலிருந்து 10 செ.மீ. தள்ளி, பஞ்சில் மஞ்சள்தூளைத் தொட்டு 6 செ.மீ. வட்டமாக மெல்லப் பூசுங்கள். ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி தேய்த்துக் கரைத்துவிட வேண்டும். ஒரு கண்ணால், இமைக்காமல் புள்ளியைப் பாருங்கள். 15 முதல் 30 விநாடிக்குள் மஞ்சள் கரைந்து தாள் வெள்ளையாகிவிடும். இமைத்தால் திரும்பி வரும். சுவிட்சர்லாந்து மருத்துவர் ட்ராக்ஸ்லர் 1804இல் எழுதியது. செல்கள் மாற்றத்தைத்தான் தெரிவிக்கும். ஊன்றிய கண்ணும் நுண்ணிதாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது என்றாலும், கடைக்கண் செல்கள் பெரிய பரப்பைப் பார்ப்பதால் மென்மையான ஓரத்தில் அந்த நடுக்கம் எந்த மாற்றத்தையும் உண்டாக்குவதில்லை. மஞ்சளைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் வரைந்துவிட்டால் எளிதில் கரையாது. குங்குமம் வேண்டாம், அதன் அழுத்தமான நிறம் கரைய மறுக்கும்.

நிறமும் அசைவும்

பார்ப்பவர் நாற்காலியில் அமர்ந்து எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கட்டும். துணையாள் பின்னால் நின்று, காதுக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்கெட்ச் பேனாவைக் கண்ணிலிருந்து 30 செ.மீ. விலகலில் வட்டமாக முன்னே கொண்டுவர வேண்டும். ஆட்டிக்கொண்டே வந்தால் காதுக்கு நேராக வரும்போதே 'ஏதோ அசைகிறது' என்பார். காதுப் பக்கம் நமக்கு 100 டிகிரி வரை பார்வை உண்டு. மூக்குப் பக்கம் 60தான். அசைக்காமல் நிறுத்திவிட்டு நிறம் கேளுங்கள். சொல்ல முடியாது. வெகுவாக முன்னே வந்த பிறகுதான் நிறம் பிடிபடும். சிவப்பு, பச்சை வேறுபாடு முதலில் கைவிடும். மஞ்சள் அதன் வெளிச்சத்தாலேயே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

இதை வைத்துக் கடைக்கண் நிறக்குருடு என்று பாடம் நடத்திவிடாதீர்கள். அதே இடத்தில் முழுச் சிவப்புச் சார்ட்டைக் காட்டினால் நிறத்தைச் சொல்லிவிடுவார். பரப்பு போதவில்லை என்பதே குறை.

அசைவைப் பிடிப்பதில் கடைக்கண் கெட்டி. அதிலும் ஓர் ஓட்டை உண்டு, வண்டி ஓட்டுபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ரிங் ரோட்டுச் சந்திப்பை நோக்கி நீங்களும் குறுக்குச் சாலையில் ஒரு வண்டியும் சீரான வேகத்தில், மோதும் கணக்கில் வந்துகொண்டிருந்தால், அந்த வண்டி உங்கள் கண்ணுக்கு ஒரே கோணத்தில் நிற்கும். பக்கவாட்டில் நகராது, மெல்லப் பெரிதாகும், அவ்வளவுதான். நகராத பொருளைக் கடைக்கண் பொருட்படுத்தாது. சந்திப்பில் தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

இருட்டில் நிலைமை தலைகீழ்

மையக்குழியின் நடுவில் குச்சி செல்கள் இல்லை. மங்கிய ஒளியை உணர்பவை அவைதான். ஒரு கண்ணில் சுமார் 12 கோடி, எல்லாம் மையத்துக்கு வெளியே. கூம்பு செல்கள் 60 லட்சம்தான், அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். தை மாதம் இரவு எட்டு மணி வாக்கில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் தலைக்கு மேல், சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். தெருவிளக்கு கண்ணில் படாத இடமாக, அழகர்கோயில் பக்கமோ யானைமலைக்கு அப்பாலோ போய், செல்போனைத் தொடாமல் 20 முதல் 30 நிமிடம் இருட்டுக்குக் கண்ணைப் பழக்குங்கள். கூட்டத்தை நேராகப் பார்த்து எத்தனை விண்மீன் என்று எண்ணுங்கள். பிறகு ஒரு முஷ்டி அளவு தள்ளி வேறொரு மீனைப் பார்த்துக்கொண்டே கூட்டத்தின் மேல் கவனத்தை மட்டும் வையுங்கள். கூட்டம் பிரகாசமாகும், நேராகப் பார்த்தபோது இல்லாத மங்கல் மீன்கள் தோன்றும். அவற்றை நேராகப் பார்க்கப் போனால் அணைந்துவிடும். ஒரு கண்ணால் செய்வதாக இருந்தால் கூட்டம் எப்போதும் மூக்குப் பக்கமாகவே இருக்கட்டும். காதுப் பக்கம் போனால் நாணயத்தை விழுங்கிய அதே இடத்தில் போய் விழக்கூடும்.